கடிதம் எழுதிய மீனாம்பாளும் பதில் கிடைக்காத ருக்மிணியும்

(பாகூர் கொம்யூன், பனித்திட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விக்குக் கொடை தருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதி வைத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. இந்த அறக்கட்டளையை நிறுவித் தங்கள் குடும்பத்தின் சேமிப்பிலிருந்து ஆண்டுக்கொரு சொற்பொழிவுக்கு வழிசெய்தவர்கள் அந்த மரபைத்தான் தொடர்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

காதல், கலியாணம், ஊரின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் இன்றைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவற்றைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் பேச்சு அறிவுரையாக முடிந்துவிடும். அதனால் இரண்டு சிறுகதைகளை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப் போகிறேன். ஒன்று வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’. மற்றொன்று சுப்பிரமணிய பாரதியாரின் ‘ஆறில் ஒரு பங்கு’. இரண்டையும் எழுதியவர்கள் அப்போது வாழ்ந்த இடம், இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரி நகரம்.

அடைக்கலம் தந்த ஊர்

பாரதியார் 1908இல் புதுவைக்கு வந்தார். ‘இந்தியா’ பத்திரிகையின் மீது ஆங்கிலேய அரசு நடவடிக்கை எடுத்தபோது பிரெஞ்சு மண்ணில் தஞ்சம் புகுந்தார். பத்தாண்டுகள் இங்கே இருந்துவிட்டு, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். ஐயர் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனவர். அங்கே புரட்சியாளர்களோடு சேர்ந்ததால் தேடப்பட்டு, மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து 1910இல் புதுவை வந்து சேர்ந்தார். இருவர் வீட்டு வாசலிலும் ஆங்கிலேயரின் ஒற்றர்கள் இரவும் பகலும் நின்றார்கள். கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட்டன.

‘ஆறில் ஒரு பங்கு’ 1910இல் புதுவையில் நூலாக அச்சேறியது. அடுத்த ஆண்டே ஆங்கிலேய இந்தியாவில் அதற்குத் தடை வந்தது. ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ‘விவேகபோதினி’ இதழில் ஐயரின் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வெளிவந்து, பிறகு ‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுப்பில் சேர்ந்தது. தமிழின் முதல் சிறுகதை எது என்று நூறாண்டுகளாக நடக்கும் வழக்கில் இவ்விரண்டின் பெயரும் அடிபடுகின்றன. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நாட்டு விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்த இரண்டு பேர், கதை எழுத உட்கார்ந்ததும் ஒரு பெண்ணின் கலியாணத்தைத்தான் எடுத்தார்கள் என்பதே என்னை ஈர்க்கிறது. வீட்டுக்குள் நடப்பது மாறாமல் நாட்டில் எதுவும் மாறாது என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

ருக்மிணி

ஐயரின் கதையைச் சொல்வது ஒரு மரம். குளக்கரையில் நெடுங்காலமாக நிற்கும் அரசமரம். தண்ணீருக்கு வரும் பெண்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே நிற்கிறது. அதன் நிழலில் விளையாடி வளர்ந்த ருக்மிணி அதற்குச் செல்லப் பெண்.

ருக்மிணியின் தந்தை காமேசுவரையர் செல்வந்தர். சிறு வயதிலேயே அவளை மணியம் ராமசுவாமி ஐயரின் மகன் நாகராஜனுக்குக் கட்டிக் கொடுக்கிறார். சீருக்குக் குறைவில்லை. சம்பந்தி வீடு மருமகளைத் தாங்குகிறது. அப்போது சென்னையில் ஒரு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகிறது. காமேசுவரையரின் பணம் முழுவதும் அதில் இருந்தது. கதையில் வரும் இந்தத் திவால் கற்பனையன்று. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது தென்னிந்தியாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அந்த அடியின் விளைவாகத்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். வங்கி வரலாற்றில் நாம் படிக்கும் நிகழ்ச்சி ஒன்று, ஒரு சிறு பெண்ணின் வாழ்க்கையில் எப்படி இடியாக இறங்கியது என்று ஐயர் காட்டுகிறார்.

பணம் போனதும் சம்பந்தி வீட்டின் முகம் மாறுகிறது. மருமகளை அழைத்துக்கொள்ள ஆள் வரவில்லை. பிறகு நாகராஜனுக்கு வசதியான இடத்தில் இரண்டாவது பெண் பார்த்திருப்பதாகப் பேச்சு எழுகிறது. ஊர் முழுவதும் அதைப் பேசுகிறது. படித்துறையில் பெண்கள் பேசுகிறார்கள், மரம் கேட்கிறது, ருக்மிணியின் காதுக்கும் வருகிறது. அவளிடம் நேராக வந்து சொன்னவர் யாருமில்லை.

நாகராஜனுக்கு ருக்மிணி மேல் அன்பு உண்டு. கதையின் வேதனையே அங்கேதான் இருக்கிறது. பெற்றோருக்கு இணங்குவதுபோல் நடித்துக் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டு, அவர்களுடைய பணத்தாசைக்குப் பாடம் புகட்டலாம் என்று அவன் திட்டம் வைத்திருக்கிறான். அவன் மனம் மாறிவிட்டதென்று எண்ணிய நண்பன் சீனிவாசன் கடிந்து கேட்கும்போது அந்தத் திட்டம் வெளிப்படுகிறது. ஆனால் அன்றிரவு மரத்தடியில் ருக்மிணி அவன் எதிரில் நிற்கும்போது, அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அந்த ஒரு செய்தியை மட்டும் அவன் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிறான். அதைக் கேட்ட அவளுக்குக் கலியாண ஏற்பாடு உறுதி என்றே படுகிறது. அவன் போன பிறகு, இடியும் மழையுமான அந்த இரவில், அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள். விடிந்தபின் நாகராஜன் கதறுகிறான், காவி உடுத்தி ஊரைவிட்டுப் போகிறான்.

ஒரு பெண்ணை அழிக்க வில்லன் ஒருவன் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கதையில் அப்படி யாருமில்லை. மாமனார் மாமியாருக்குப் பணத்தில் ஆசை, தந்தைக்கு இயலாமை, கணவனுக்கு விளையாட்டுப் புத்தி. ஒவ்வொன்றும் நாம் அன்றாடம் மன்னித்துவிடும் குறைதான். எல்லாம் ஒரே பெண்ணின் தலையில் வந்து விழுகின்றன.

மீனாம்பாள்

பாரதியாரின் கதையைச் சொல்பவன் கோவிந்தராஜன் என்ற இளைஞன். இடம் சென்னை புரசைவாக்கம். மீனாம்பாள் அவனுடைய உறவுமுறைப் பெண், வீணையில் வல்லவள். நிலாக்கால இரவுகளில் மாடியில் அவள் வாசிப்பதைக் கேட்டபடி அவன் காதலில் விழுகிறான். அவனுக்கு இன்னொரு பற்றும் உண்டு. வந்தேமாதர இயக்கம் அவனை இழுக்கிறது. மீனாம்பாளின் தந்தையோ ஆங்கிலேயரிடம் ராவ்பகதூர் பட்டம் பெற்றவர். சர்க்காரின் கோபத்துக்கு ஆளாகக்கூடிய பையனுக்குப் பெண் கொடுப்பாரா? தமக்குப் பிடித்த வேறொருவருக்கு அவளைக் கொடுக்க ஏற்பாடு செய்கிறார்.

இங்கே மீனாம்பாள் எழுதுகிறாள். தந்தையின் ஏற்பாட்டையும், அதற்குத் தான் இணங்கப் போவதில்லை என்பதையும் கோவிந்தராஜனுக்குக் கடிதமாக அனுப்புகிறாள். அந்த மறுப்புக்காக உயிரையும் பணயம் வைக்கிறாள். இனி அவள் தனக்கில்லை என்று எண்ணிய கோவிந்தராஜன் வடநாடு சென்று துறவியாகிறான். பயணம் அவனை வங்காளத்தின் பாரிஸால் நகரில் அசுவினி குமார தத்தரிடம் கொண்டு சேர்க்கிறது. தத்தர் வரலாற்று மனிதர். 1906 பஞ்சத்தில் பாரிஸால் மக்களுக்குச் சோறு போட்டவர், சுதேசி இயக்கத்துக்காக 1908 இறுதியில் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். இந்திய மக்களில் ஆறில் ஒரு பங்கினரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்த பாவத்துக்குத்தான் நாடு அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்ற செய்தி அங்கே அவனுக்குக் கிடைக்கிறது. தலைப்பின் பொருள் அது. பாரதியார் இந்நூலைக் காணிக்கையாக்கியதும் உழுது உணவளிக்கும் பள்ளர், பறையர் முதலிய உழைப்பாளிகளுக்கே. பாரிஸாலில் மீனாம்பாளையும் அவன் மீண்டும் காண்கிறான். காவியைக் களைந்துவிட்டு அவளை மணக்கிறான். ஒடுக்கப்பட்டோருக்கான தொண்டே அவர்களுடைய இல்லறமாகிறது.

எது மாறுகிறது?

இரண்டிலும் பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஒன்றில் பணம் தீர்மானிக்கிறது, மற்றொன்றில் பதவியும் பட்டமும் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் ஆண் அன்புள்ளவன். இரண்டிலும் அவன் காவி கட்டுகிறான். இவ்வளவு பொதுவாக இருந்தும் ஒரு கதை பிணத்தில் முடிகிறது, மற்றது மணத்தில் முடிகிறது. ஏன்?

இரண்டையும் பலமுறை படித்தபின் எனக்குக் கிடைத்த விடை இதுதான். யாருடைய வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கிறார்களோ, அவர் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ருக்மிணியைப் பற்றி மாமனார் பேசுகிறார், ஊர் பேசுகிறது, சீனிவாசன் பரிந்து பேசுகிறான், அவளைக் காக்க வந்த திட்டமும் அவளுக்குத் தெரியாமலே தீட்டப்படுகிறது. அவளுக்கு நன்மை நினைப்பவனும் அவளைக் கலந்துகொள்ளவில்லை. நாகராஜன் தன் தந்தையை எதிர்க்கிறான் என்றாலும், ஒரு விஷயத்தில் அவன் தந்தையின் மகன்தான். பெண்ணிடம் சொல்லாமலே பெண்ணின் வாழ்க்கையை நடத்திவிடலாம் என்று இருவருமே நம்புகிறார்கள். மீனாம்பாள் அந்தப் பேச்சுக்குள் தானே நுழைகிறாள். கேட்காத தந்தைக்கும் தயங்கும் காதலனுக்கும் நடுவில் தன் முடிவைச் சொல்லிவிடுகிறாள். அது உடனே அவளைக் காப்பாற்றவில்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவளுடைய கதை அவள் கையில் இருக்கிறது.

துறவையும் இப்படியே பாருங்கள். நாகராஜனின் காவி கதையின் முடிவு. செய்ததற்கு வருந்துகிறான், விலகிப் போகிறான், அவ்வளவுதான். ருக்மிணிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அவளைக் கொன்ற ஏற்பாடும் அப்படியே நிற்கிறது. அந்த ஊரில் அடுத்த ருக்மிணிக்கும் அதுவே நடக்கும். கோவிந்தராஜனின் காவி நடுவழி. துறவி நிலையிலிருந்து அவன் திரும்பி வந்தாக வேண்டும், ஒரு பெண்ணோடு சேர்ந்து உலகில் உழைத்தாக வேண்டும் என்று பாரதியார் வற்புறுத்துகிறார். தவறு செய்த ஆண் தண்டனையாகத் தன்னையே வருத்திக்கொள்வதை நம் கதைகளும் திரைப்படங்களும் பெரிய தியாகமாகக் காட்டி வந்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவளுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்க இந்த ஒப்பீடு நமக்குக் கற்றுத் தருகிறது.

மூன்றாவது, சாட்சி. அரசமரம் எல்லாம் அறியும், ஒன்றும் செய்ய முடியாது. தாகூர் 1884இல் எழுதிய, படித்துறையே கதை சொல்லும் வங்கக் கதையின் செல்வாக்கு இதில் இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். அதில் வரும் குசும் என்ற இளம் விதவையும் தண்ணீரில்தான் முடிகிறாள். ஆனால் ஐயரின் மரம் எனக்கு வேறொன்றையும் சொல்கிறது. அந்த ஊரில் எல்லோருமே மரமாக நின்றார்கள். படித்துறையில் பரிதாபப்பட்ட பெண்களில் ஒருத்தியாவது ருக்மிணியின் வீட்டுக்குள் போய், ‘என்னம்மா நினைக்கிறாய்?’ என்று கேட்டிருக்கலாம். வேர்விட்டு நின்றுவிட்ட மரத்துக்கு அது முடியாது. கால் உள்ளவர்களுக்கு முடிந்திருக்கும்.

இரண்டு கதைகளும் நிற்கும் இடம்

இக்கதைகளை நான் போற்றுகிறேன். அதனால்தான் அவற்றின் எல்லையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐயர், ருக்மிணிக்கு நேர்ந்த கொடுமையைக் கண்ணீரோடு காட்டுகிறார். ஆனால் பால்ய விவாகம் என்ற ஏற்பாட்டைக் கதை எங்கும் தட்டிக் கேட்கவில்லை. பெண்கள் மனம் நோகும்படி விளையாடக் கூடாது என்று ஆண்களுக்குச் சொல்வதோடு நின்றுவிடுகிறார். பெண்ணின் மென்மையைக் காக்கச் சொல்லும் அந்தக் கனிவு, அவளுக்கு உரிமை தரச் சொல்லும் அளவுக்குப் போகவில்லை.

பாரதியார் அதைவிடத் தூரம் போகிறார். பெண்களை விருப்பமில்லாதவனுக்குக் கட்டிவைக்கக் கூடாது, கணவனை விட்டு விலக அவளுக்கு இடம் வேண்டும், சொத்தில் சம பங்கு வேண்டும் என்றெல்லாம் பின்னாளில் கட்டுரையில் வரிசையாக எழுதியவர் அவர். ஆனாலும் இந்தக் கதையில், ஆறில் ஒரு பங்கினருக்காகப் பேசும் அவர் அவர்களில் ஒருவரையும் காதலனாகவோ காதலியாகவோ வைக்கவில்லை. சாதியை ஒழிக்கப் புறப்படும் தம்பதியர் சொந்தத்துக்குள்ளேயே மணந்தவர்கள். அவர்கள் மற்றவர்களுக்குத் தொண்டு செய்கிறார்கள். கலப்பு மணத்தைக் கதைக்குள் கொண்டுவரும் துணிவு தமிழ்ச் சிறுகதைக்குப் பின்னாளில்தான் வந்தது. சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்ற பிள்ளையையே கொல்லும் செய்திகள் தமிழகத்தில் இன்றும் வருகின்றன. பாரதியார் விட்டுச் சென்ற அந்தப் பக்கத்தை நாம் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

சட்டம் வந்தது, பேச்சு வந்ததா?

ருக்மிணியைக் கொன்றவற்றுள் ஒவ்வொன்றுக்கும் எதிராகப் பின்னர் சட்டம் வந்தது. குழந்தைத் திருமணத்துக்கு எதிராக 1929இல் சாரதா சட்டம். முதல் மனைவி இருக்க இரண்டாம் மணம் செய்வதற்கு எதிராகச் சென்னை மாகாணத்தில் 1949இல் ஒரு சட்டம், பிறகு நாட்டளவில் 1955இல் இந்து திருமணச் சட்டம். வரதட்சணைக்கு எதிராக 1961இல். புதுவைக்கு இந்து திருமணச் சட்டம் 1963இல் நீட்டிக்கப்பட்டது. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு.

சட்டங்கள் பெரும் வரம். அவை இல்லாவிட்டால் ருக்மிணிகள் இன்னும் பெருகியிருப்பார்கள். ஆனால் சட்டம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. பெண் பார்க்க வரும் நாளை எண்ணிப் பாருங்கள். கூடத்தில் பாய் விரித்திருக்கிறது. தாய்மாமன், பெரியப்பா, ஊர்ப் பெரியவர் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். எத்தனை பவுன், பையனுக்கு வண்டி உண்டா, படகில் பங்கு உண்டா என்று பேச்சு போகிறது. பெண் காபித் தட்டோடு வந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பவுன் கணக்கை அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். ‘பெண்ணுக்குச் சம்மதமா?’ என்று ஒருவர் கேட்டால், ‘அவள் என்ன சொல்லப் போகிறாள்!’ என்று தகப்பனார் சிரித்தபடி பதில் சொல்கிறார். தாம்பூலம் மாற்றிவிடுகிறார்கள்.

அந்தத் தகப்பனார் கெட்டவர் இல்லை. மகளுக்காகக் கடன் வாங்கியிருப்பார், இரவெல்லாம் கடலில் கிடந்திருப்பார். காமேசுவரையரும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அன்பு இருந்தால் போதும், கேட்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஐயரின் கதை நூறாண்டுகளாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களிடம் உரிமையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரை நெடுகிலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்து வலுவான அமைப்பு. படகுச் சண்டை தீர்ப்பதிலும், திருவிழா நடத்துவதிலும், சுனாமி போன்ற பேரிடரில் நிவாரணத்தை வீடுவீடாகச் சேர்ப்பதிலும் அதன் பயனை இந்தக் கரை கண்டிருக்கிறது. கணவன் மனைவி வழக்கும், வீட்டுக்குச் சொல்லாமல் மணந்துகொண்டவர்களின் வழக்கும் அதே சபைக்குத்தான் வருகின்றன. அந்தச் சபையில் ஆண்களே அமர்வது வழக்கம். ஊருக்குக் கட்டும் தலைக்கட்டு வரியும் ஆண் தலையைக் கொண்டே எண்ணப்படுகிறது. விடியற்காலையில் மீனை ஏலத்தில் எடுத்து, சந்தைக்குச் சுமந்து, கணக்குப் பார்த்து, வட்டி கட்டி, குடும்பத்தின் வரவு செலவு முழுவதையும் கையில் வைத்திருப்பவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள். ஏலத்தில் விலை சொல்லும் குரலுக்குத் தன் மகளின் வழக்கில் இடமில்லை என்பது நியாயமாகுமா? பெண்ணைப் பற்றிய வழக்கு சபைக்கு வரும் நாளிலாவது பெண்கள் அங்கே உட்கார வேண்டும், பேச வேண்டும், அவர்கள் சொல் தீர்ப்பில் சேர வேண்டும்.

மாணவியருக்கு ஒரு வார்த்தை. மீனாம்பாளைப் போல உயிரைப் பணயம் வைக்கும் நிலை உங்களில் யாருக்கும் வரக் கூடாது. அவள் எழுதியது போல எழுதும் தைரியம் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். உங்கள் சம்மதத்தை வேறொருவர் சொல்ல விடாதீர்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், அத்தையிடம் சொல்லுங்கள், யாரிடமாவது சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, வேண்டும் என்று சொல்லவும் உரிமை உண்டு.

மாணவர்களே, நீங்கள் நாகராஜனிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவன் நல்லவன், அன்புள்ளவன், பணத்தாசை இல்லாதவன். அவ்வளவு நல்ல குணமும் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போதவில்லை. ஒரு பெண்ணுக்காக நீங்கள் எது செய்வதானாலும் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு நன்மை செய்ய முடியாது.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்விரண்டு கதைகளையும் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் படிக்கக் கொடுங்கள். முதல் சிறுகதை எது என்று தேர்வுக் கேள்வி கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அன்றிரவு மரத்தடியில் நாகராஜன் ருக்மிணியிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளும் எழுதட்டும், பெண் பிள்ளைகளும் எழுதட்டும். எழுதியதை வகுப்பில் உரக்கப் படிக்கட்டும். பத்தாண்டு கழித்துத் தங்கள் வீட்டுக் கூடத்தில் பேச வேண்டியதை அவர்கள் அங்கேயே பேசிப் பழகிக்கொள்வார்கள்.